ரிமோட் இலக்கணம்: எழுத்தும் சொல்லும் பொருளும்

படம் பார்ப்பதற்கென்று வரவேற்பறையில் தொலைக்காட்சியோடு இணைத்து வைக்கப்படும் சிறு கணினிக்கு, அலமாரியில் கிடக்கும் பழைய ரிமோட் ஒன்றைப் பழக்கும் முயற்சி மின்னணுவியலின் பாற்பட்டது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து திருத்தத்துக்குரியது. ரிமோட் பேசுவது ஒரு மொழி. அதற்கு எழுத்து உண்டு, எழுத்துகள் கூடியமையும் சொல் உண்டு, இடத்துக்கேற்ப மாறும் பொருளும் உண்டு. ஆகவே அதை ஆராய்வதற்குத் தொல்காப்பியம் வகுத்த மூன்று அதிகாரங்களே போதும் என்பதும், ரிமோட் வேலை செய்யவில்லை என்னும் முறையீடு எழும்போது குற்றம் எந்த அதிகாரத்தைச் சேர்ந்தது என்று தெளியாமல் செய்யும் பரிகாரம் வீண் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. லினக்ஸில் இயங்கும் ராஸ்பெரி பை, அதில் கோடி என்னும் படங்காட்டும் மென்பொருள், என்.இ.சி. முறையில் பேசும் ரிமோட் ஆகியவை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

எழுத்ததிகாரம்

ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு உமிழ்வது, பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த நிறங்களுள் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத இவ்வொளி உண்டென்று கண்டார். வெயிலும் குண்டு பல்பும் இதே ஒளியைத் தாராளமாக வழங்குவதால், வெறும் ஒளியை எழுத்தென்று கொள்ள இயலாது. நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் ஒளியே எழுத்தாகும். இத்துடிப்பை மட்டும் பிரித்தறிவதற்குக் கணினிப் பக்கம் பொருத்தப்படுவது ஏற்பி, அதாவது டி.எஸ்.ஓ.பி. 38238 போன்றதொரு மூன்று கால் கருஞ்சில்லு. அதன் கால்களுள் ஒன்று 3.3 வோல்ட்டுக்கும், ஒன்று கிரவுண்டுக்கும், ஒன்று ஜி.பி.ஐ.ஓ. 18 என்னும் முனைக்கும் செல்லும். 5 வோல்ட் கொடுத்தாலும் ஏற்பி தாங்கிக்கொள்ளும்; ஆனால் அது திருப்பித் தரும் 5 வோல்ட்டைத் தாங்குமாறு ராஸ்பெரி பையின் முனை வடிவமைக்கப்படவில்லை.

இம்மொழிக்கு எழுத்து இரண்டே: சுழியும் ஒன்றும். 562.5 மைக்ரோநொடி ஒளிர்ந்து அதே அளவு இருண்டால் சுழி. அதே அளவு ஒளிர்ந்து மும்மடங்கு இருண்டால் ஒன்று. கூட்டிப் பார்க்கின், சுழிக்கு 1.125 மில்லிநொடியும் ஒன்றுக்கு 2.25 மில்லிநொடியும் ஆகின்றன. இது குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் என்னும் தமிழ் வழக்கோடு இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. இப்பொருத்தம் தற்செயலானது என்பாரும் உளர். அவர்களை மறுப்பதற்குச் சான்று இல்லாமையால் இக்கட்டுரை அவர்களைக் கண்டுகொள்ளாமல் மேற்செல்கிறது.

எழுத்துக் குற்றம் நேரும்போது வீடுகளில் மூன்று மரபுகள் கைக்கொள்ளப்படுகின்றன. பொத்தானை மேலும் வலுவாக அழுத்துவோர் அழுத்தவாதிகள். ரிமோட்டை உள்ளங்கையில் அடிப்போர் தட்டல்வாதிகள். மூடியைக் கழற்றிப் பேட்டரியை விரலால் உருட்டுவோர் உருட்டல்வாதிகள். ரப்பர் பொத்தானின் அடியிலுள்ள கரிப்பூச்சு தேய்ந்திருந்தால் முதலாமவர் கூற்றிலும், பேட்டரி தொடும் தகடு களிம்பேறியிருந்தால் மூன்றாமவர் கூற்றிலும் உண்மை உண்டு. இடைப்பட்டவர் செயல் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றுக்குத் தற்காலிகமாக உதவலாம், தனிக்கொள்கையாக நிற்காது.

சொல்லதிகாரம்

9 மில்லிநொடி ஒளியும் 4.5 மில்லிநொடி இருளுமாகிய முன்னுரையோடு தொடங்கும் ஒரு சொல்லில் 32 எழுத்துகள் உண்டு. முதல் எட்டு, யாரை விளிக்கிறது என்பதைச் சொல்லும் முகவரி. அடுத்த எட்டு, அதையே சுழிக்கு ஒன்றும் ஒன்றுக்குச் சுழியுமாக மாற்றிச் சொல்வது. பின்னர்க் கட்டளையும் அவ்வாறே இருமுறை வரும். பிழை புகுந்தால் இரு கூற்றும் முரண்பட்டு உடனே வெளிப்படும். இதன் விளைவாக ஒவ்வொரு சொல்லிலும் 16 குறிலும் 16 நெடிலுமே அமைவதால், ஒலியைக் கூட்டு என்பதும் அணைந்துவிடு என்பதும் சம கால அளவே, அதாவது முன்னுரையோடு சேர்த்து ஏறத்தாழ 68 மில்லிநொடியே, ஒலிக்கின்றன. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பது அடுக்குத்தொடர், அதற்கு என்.இ.சி. முறை முழுச் சொல்லையும் திரும்பக் கூறாமல் சிறு குறியொன்றை மட்டும் அனுப்பும். ஃபிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.-5 முறையோ, புதிய அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் தலைமாறும் எழுத்தொன்றைச் சொல்லுக்குள்ளேயே வைத்து, பழைய வேண்டுகோளின் நீட்சியையும் புதிய வேண்டுகோளையும் வேறுபடுத்துகிறது.

எந்த முறையில் கேட்பதென்று சொல்லப்படாத கணினிக்கு எச்சொல்லும் இரைச்சலே. ஐ.ஆர்.-கீடேபிள் என்னும் கருவியால் என்.இ.சி. முறையை இயக்கி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, திரையில் வரும் ஸ்கேன்கோடு என்னும் எண்ணைக் குறித்து, எதிரே விசையின் பெயரை எழுதி அமைக்கும் பட்டியலே இம்மொழியின் அகராதி. இங்கே ஒரு புறனடை உண்டு: லினக்ஸ் கருவகம் ஓகே பொத்தானுக்கு அளித்துள்ள எண் 352. எக்ஸ் விண்டோ முறையில் இயங்கும் மேசைக் கணினிகளோ 255க்கு மேற்பட்ட விசையெண்களை ஏற்பதில்லை. ஆதலால் எல்லாப் பொத்தானும் வேலை செய்ய, சம்மதம் தெரிவிக்கும் பொத்தான் மட்டும் ஊமையாக நிற்கும். அகராதியில் அதை என்டர் விசையாக மாற்றி எழுத, அதன் எண் 28 ஆதலின், குற்றம் நீங்கும்.

பொருளதிகாரம்

சொல் சரியாகச் சென்று சேர்ந்தாலும் பொருள் இடத்தைச் சார்ந்தது. கோடியின் பட்டியல் திரையில் மேல் அம்பு ஒரு வரி ஏறும். படம் முழுத்திரையில் ஓடும்போது அதே அம்பு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவும், அத்தியாயம் இல்லையெனில் 10 நிமிடம் முன்னே பாயும். முன்னதை அகம் என்றும் பின்னதைப் புறம் என்றும் கொள்க. ஒலியைக் கூட்ட நினைத்து மேல் அம்பை அழுத்தியவர் உச்சக்கட்டத்தைத் தவறவிட்டு ரிமோட்டை நொந்துகொள்வது திணை மயக்கமேயன்றி வேறன்று. எப்பொத்தானுக்கு எச்செயல் என்று வகுக்கும் கோடியின் கீமேப் கோப்பில் அத்திரைக்குரிய பகுதியைத் திருத்துவதே இதற்கு மருந்து.

தொலைக்காட்சியின் ரிமோட்டே எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகக் கணினியையும் இயக்கும் சி.இ.சி. என்னும் ஏற்பாடு இருக்க, இவ்விலக்கணம் எதற்கு எனின், அற்றன்று. தொலைக்காட்சி தனக்கு வேண்டிய சொற்களைத் தானே வைத்துக்கொண்டு எஞ்சியவற்றையே கணினிக்குக் கடத்துவதால், அது வழிமொழிதலாகுமேயன்றி நேர்பேச்சு ஆகாது.

ஆகவே ரிமோட் வேலை செய்யாதபோது, துடிப்பு வருகிறதா என எழுத்தையும், எண் தோன்றுகிறதா என ஐ.ஆர்.-கீடேபிளில் சொல்லையும், எந்தத் திரையில் அழுத்தப்பட்டது எனக் கோடியில் பொருளையும் இம்முறையே ஆராய்ந்து, மூன்றிலும் குற்றமின்மை தெளிந்த பின்னரே பேட்டரியை மாற்றத் தலைப்படுதல் வேண்டும். வீட்டார் அதை முதலிலேயே மாற்றிவிடுகிறார்கள் என்பதும், பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்துவிடுகிறது என்பதும் இத்துணிபை எவ்வகையானும் பாதிப்பன அல்ல.