எலிக்கு மருந்து கொடுத்த படலம்

மதுரைச் சொக்கநாதர் ஆடியவை அறுபத்து நான்கு திருவிளையாடல்கள். நாரைக்கு முத்தி கொடுத்தார். கரிக்குருவிக்கு உபதேசம் செய்தார். பன்றிக் குட்டிகளுக்குத் தாயாகவே வந்து பால் கொடுத்தார். எலிக்கு மட்டும் ஒன்றுமில்லை. மூத்த மகனைச் சுமக்கிற வேலை கொடுத்திருக்கிறோமே, போதாதா என்று நினைத்திருப்பார். அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.

அதற்கு முன் எலிகளின் பூர்வ கதை. 1936-ல் லண்டனில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் என்றொருவர், சூலகத்தை அகற்றிய பெண் எலிகளுக்கு பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனத்தைக் கொடுத்துப் பார்த்தார். சூலகமே இல்லாத எலிகளுக்குப் பருவம் வந்துவிட்டது. தாய்மாமன் சீர் வராததுதான் பாக்கி. ஆக, அது பெண் ஹார்மோன் வேஷம் போடும் சரக்கு என்று அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்து? இருபது வருஷம் கழித்து அதிலேயே பிளாஸ்டிக் செய்து, பிறகு பால் புட்டியும் வார்த்தார்கள். குழந்தையின் புட்டியில் அது கூடாது என்று இந்தியத் தரவிதி சொல்வதற்கு 2015 ஆனது.

அமெரிக்கர்கள் சும்மா இருக்கவில்லை. ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களைச் சோதித்தே தீர வேண்டும் என்று 1996-ல் சட்டம் போட்டார்கள். முதலில் எந்த 67 ரசாயனங்களைச் சோதிப்பது என்று பட்டியலை முடிவுசெய்யவே 2009 ஆகிவிட்டது. அதற்குள் இங்கே கள்ளழகர் பன்னிரண்டு தடவை ஆற்றில் இறங்கி, பன்னிரண்டு தடவை மலைக்கும் திரும்பிவிட்டார்.

இப்போது அதே ரசாயனக் குழப்பத்தின் மதுரைக் காண்டம். இந்த ஊரில் ஒருவருக்கு சுகர் ஏறினால் பழி ஜிகர்தண்டா மேல் விழும். காமராசர் பல்கலைக்கழகத்தின் கணேசன் வேல்முருகன், சுப்பையா ராமசாமி குழுவினர் ஜிகர்தண்டாவை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் 3080 பேரைப் பரிசோதித்தார்கள். பூச்சி மருந்தோடு நேரடியாகப் புழங்குகிறவர்களிடம் சர்க்கரை நோய் 18.3 சதவீதம், புழங்காதவர்களிடம் 6.2. மூன்று மடங்கு!

குற்றவாளிக் கூண்டில் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள். நரம்பு நொதியை முடக்கிப் பூச்சியைக் கொல்வது அவற்றின் தொழில். அதனால் மனிதரிடமும் அந்த நொதியைத்தான் பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள், சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்வாசலில் போலீஸ் நிற்க, திருடன் கொல்லைப்புறமாகப் போய்விட்டான்.

எங்கே போனான் என்று கண்டுபிடிக்கத்தான் எலிகள். 180 நாள் பூச்சி மருந்து கொடுத்தார்கள். நரம்பு நொதி குத்துக்கல்லாக இருந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு மட்டும் கவிழ்ந்தது. அடுத்து நடந்ததைத் திருவிளையாடல் பாடிய பரஞ்சோதி முனிவரே பாடத் தயங்கியிருப்பார். மருந்து தின்ற எலியின் புழுக்கையிலிருந்த கிருமிகளை, மருந்தையே பார்த்திராத எலியின் குடலுக்குள் குடியேற்றினார்கள். அதற்கும் சர்க்கரைக் கோளாறு! பிட்டுக்கு மண் சுமந்தவர் முதுகில் விழுந்த பிரம்படி ஊரார் முதுகிலெல்லாம் பட்ட அதே மதுரைதான்.

சூட்சுமம் குடல் கிருமிகளிடம் இருந்தது. இந்த மருந்துகள் சீக்கிரம் சிதைந்துவிடும், மண்ணில் தங்காது என்பதே அவற்றின் பெருமை. அந்தச் சிதைக்கிற வேலையை வயிற்றுக்குள் கிருமிகள் செய்து, அசிட்டிக் அமிலம் போன்றவற்றை வெளியே விட்டன. அந்த அமிலம் உடம்பைத் தூண்டிப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைத்தது. 2017-ல் 'ஜீனோம் பயாலஜி' இதழில் இந்தப் படலம் அரங்கேறியது.

2019-ல் சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தார், கூண்டும் ஊசியும் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்து, அவற்றில் 1796 கட்டுரைகளின் சான்றோடு ஹார்மோனைக் குழப்பக்கூடிய 686 ரசாயனங்களைப் பட்டியலிட்டார்கள். எலிகளுக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டுரைகளுக்குள்ளும் மாய்ந்தவை பெரும்பாலும் எலிகளே.

நூற்பயன்: இதைப் படித்தோர் நோயின்றி வாழ்வார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் படிக்க வேண்டியவர்கள் பூச்சி மருந்துக்கு அனுமதி கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உயிர் போகுமா?" என்று கேட்டு முத்திரை குத்துகிறவர்கள், "வயிற்றுக்குள் போனால் என்னவாக மாறும்?" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால், எலிக்கு முத்தி கிடைக்காவிட்டாலும் நம்மூர் விவசாயிக்கு மாத்திரைச் செலவு மிஞ்சும்.