நின்றால்தான் கெடும்

ஒக்ஸ்போர்ட்

அன்புள்ள மச்சான்,

இங்கே சில வெள்ளைக்காரர் பழைய கார் வாங்குவது ஓடுவதற்கல்ல, போர்த்து மூடி வைப்பதற்கு. இந்த ஊரின் கவுலித் தொழிற்சாலையில் செய்த மொறிஸ் மைனர் யாழ்ப்பாணத்தில் இன்னும் கலியாண வீட்டுக்குப் போய்வருகிறது. பிறந்த ஊரிலோ கராஜுக்குள் போர்வையோடு படுத்திருக்கிறது. வருடக்கணக்காகக் கிடந்தது எழும்ப மறுத்தால், ஆட்கள் முதலில் காபரேற்றரில்தான் கைவைப்பார்கள். என் கட்சி வேறு: வருத்தம் பின்னால், தாங்கியில் இருக்கிறது, வைத்தியமும் அங்கேதான் தொடங்கவேண்டும்.

நின்றுபோன பெற்றோலில் இலேசான பகுதி ஆவியாகிவிடும்; மிச்சம் காற்றுப்பட்டுப் பிசினாகும். அரைவாசி வெறுமையான தாங்கியில் ஈரம் பிடித்துத் துருவேறும். போதாததற்கு, 2021 செப்டெம்பர் முதல் இங்கே சாதாரண பெற்றோலில் 10 சதவீதம் வரை எத்தனோல். அது பழைய றப்பர்க் குழாய்களைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனோல் பெற்றோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு அடியில் போய்க் குந்தும். பம்புக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். இந்த நிலையில் காபரேற்றரை மட்டும் மினுக்கி வைத்தால், தாங்கியின் துரு வந்து மிதவை அறையின் ஊசி வால்வில் சிக்கும். வால்வு மூடாது, பெற்றோல் வழியும். மைனரில் காபரேற்றருக்குக் கீழேயே கொதிக்கிற புகைக்குழாய். ஆகவே தாங்கியைக் கழற்றிக் கழுவித் துரு நீக்கு, ஓட்டையென்றால் மாற்று, பிறகு எத்தனோலைத் தாங்கும் புதுக் குழாய்கள், பிறகு பம்பின் சவ்வும் தொடுமுனைகளும், காபரேற்றர் கடைசி.

ஒரு பில்ற்றர் போட்டால் போதாதா என்பாய். பில்ற்றர் துருவைத்தான் மறிக்கும். புதுப் பெற்றோலில் கரைந்த பிசின் அதற்குள்ளால் மரியாதையாகக் கடந்துபோகும். பார்க்கிறதுக்கு அரசாங்கம் இருக்கிறதே என்றால், உருமாறாத 40 வயதுக் காருக்கு இங்கே வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. தீப்பிடித்தால்தான் ஆராவது வந்து பார்ப்பார்கள்.

உன்னுடைய பெரிய கேள்வி எனக்குத் தெரியும்: யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கு ஆர் இந்த உபசாரம் செய்தது? நல்ல கேள்வி, ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. புகை கக்கினாலும், இடித்து இடித்துப் போனாலும் அவை ஓடிக்கொண்டே இருந்தன. ஊற்றியது அன்றன்றே எரிந்தது. பிசினாக அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. கூடாத எண்ணெயில் ஓடிய கார் பிழைத்தது, நல்ல பெற்றோலோடு படுத்த கார் படுத்தேவிட்டது. காரைக் கெடுப்பது எண்ணெயின் தரத்தைவிட அது கிடக்கும் காலம்தான்.

அதனால் நீ கொழும்புக்குப் போகும்போது உன் மொறிஸைப் பூட்டி வைக்காதே. இரவல் கேட்டு வருகிற சொந்தக்காரரையும் திட்டாதே. அவர்கள் சம்பளமில்லாமல் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள். பெற்றோல் காசை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்