வாடகை பாக்கி வைத்த மகான்

ஊருக்கு ஊர் தலபுராணம் உண்டு. முனிவரோ புலவரோ எழுதியிருப்பார். ரோம் நகரத்தில் ஓவியர் கரவாஜியோவின் தலபுராணத்தை எழுதியவர்கள் போலீஸ்காரர்கள். எந்தத் தெரு, எந்தத் தேதி, யார் கன்னத்தில் எவ்வளவு காயம் என்று சுத்தமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். கால்நடையாகப் புறப்படுகிறவருக்கு இதைவிட நம்பகமான கைடு கிடையாது.

வடக்கே போபொலோ சதுக்கத்தில் ஆரம்பிப்போம். அங்கே சாந்தா மரியா தேவாலயத்தில், பவுல் குதிரையிலிருந்து விழுந்து மனம் திரும்பும் படம் இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் திருந்துவதைப் பார்க்கலாம் என்று போனால், பாதிக்கு மேல் குதிரை. அதுவும் பின்புறம். பக்கத்துப் பீடத்தில் இருப்பது அன்று இவருக்குச் சமமாகப் பேசப்பட்ட அன்னிபாலே கராச்சியின் படம். குதிரையின் பின்புறம் சரியாக அந்தப் பக்கம் இருப்பதைத் தற்செயல் என்று நம்புவது நம் பெருந்தன்மை.

அங்கிருந்து கோர்சோ வீதியில் இறங்கி நடந்தால் அடுத்த திருத்தலம். 1605 மே 28 இரவு, இடுப்பில் வாளும் குத்துவாளுமாக வந்தவரைப் போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸ் எங்கே? கவர்னர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்றார் நம்ம ஆள். ஹெல்மெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ‘எஸ்.ஐ. நமக்கு வேண்டியவர்’ என்பார்களே, அதேதான். போலீஸ்காரர் மசியவில்லை. பறிமுதல் செய்த வாளையும் குத்துவாளையும் அறிக்கையிலேயே வரைந்து வைத்தார். கரவாஜியோ கையால் போட்ட ஸ்கெட்ச் என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒன்றுகூட இல்லை. போலீஸ்காரர் போட்டது பத்திரமாக இருக்கிறது.

வலதுபக்கம் சந்துக்குள் திரும்பினால் ‘தெய்வீக அன்புச் சந்து’. நிஜப் பெயரே அதுதான். இங்கேதான் புருதென்சியா புரூனி அம்மாளின் வீட்டில் குடியிருந்தார். 1605 ஜூலையில் நவோனா சதுக்கத்தில் ஒரு நோட்டரியைப் பின்னாலிருந்து வெட்டிவிட்டு ஜெனோவாவுக்கு ஓடினார். எல்லாம் ஆறியிருக்கும் என்று ஆகஸ்டில் திரும்பி வந்தால் வீட்டுக்குப் பூட்டு. ஆறு மாச வாடகை பாக்கி, கூடவே உடைந்த மோட்டுவளை. அம்மாள் கோர்ட் உத்தரவு வாங்கிச் சாமான்களை ஜப்தி செய்துவிட்டார். பட்டியலில் ஒரு கிதாரும் பன்னிரண்டு புத்தகங்களும்கூட உண்டு. மேதை என்ன செய்தார்? ராத்திரி வந்து ஜன்னலில் கல்லெறிந்தார். அதற்கும் ஒரு புகார் பதிவானது. அன்று வாடகைக்குக் காசில்லாதவரின் முகத்தைப் பிற்காலத்தில் இத்தாலி ஒரு லட்சம் லீரா நோட்டில் அச்சடித்தது. அம்மாள் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கூப்பிடு தூரத்தில் பல்லகோர்தா தெரு. பந்தாட்டக் களம் இருந்த இடம். வாள் கேஸ் நடந்து சரியாக ஒரு வருஷம், அதே மே 28, 1606. ரனுச்சியோ தொமாசோனி என்பவரோடு மோதல். பந்தயக் காசு என்றார்கள், பெண் விவகாரம் என்றார்கள். தொமாசோனி தொடையில் வெட்டுப்பட்டு ரத்தம் போய் இறந்தார். கண்ட இடத்தில் கொல்லலாம் என்று தீர்ப்பு வர, கரவாஜியோ நேப்பிள்ஸ், மால்டா, சிசிலி என்று ஓடி, 1610-ல் ரோமுக்குத் திரும்பும் வழியில் 38 வயதில் இறந்தார். இந்தத் தெருவில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. வேகமாக நடப்போம்.

நடந்தால் பசிக்கும். மகதலேனா தேவாலயத்துப் பக்கம் இருந்த மோரோ சாப்பாட்டுக் கடை இதற்கேற்ற தலம். 1604 ஏப்ரலில் எட்டு ஆர்டிசோக் வந்தது. செதில் செதிலாக, தாமரை மொட்டு மாதிரி இருக்குமே அது. நாலு வெண்ணெயில், நாலு எண்ணெயில் வெந்தது. எது எது என்று கேட்டார். மோந்து பார்த்தால் தெரியுமே என்று தான் சொன்னதாக சர்வர் வாக்குமூலம். இல்லை, சர்வரே எடுத்து மோந்து பார்த்தான் என்கிறது சாட்சி. சாமிக்கு வைக்கும் பூவையே மோந்து பார்க்காத நமக்கு இது சின்ன விஷயமா? தட்டு பறந்தது. சர்வரின் இடது கன்னத்தில் காயம். அடுத்து கை வாளைத் தேடியதும் சர்வர் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டார்.

அதே கைதான் சான்தகொஸ்தீனோ தேவாலயத்தில் மாதாவின் முன் மண்டியிட்ட இரண்டு யாத்ரீகர்களை வரைந்தது. அழுக்கேறிய உள்ளங்கால் நம் முகத்துக்கு நேரே இருக்கிறது. பழனிக்கு நடந்தவர்கள் ஒரு பார்வையில் நம்புவார்கள். ஊர் ஜனங்கள் இதைப் பார்த்துப் பெரிய கூச்சல் போட்டதாக எழுதி வைத்தவர் ஓவியர் பால்யோனே. 1603-ல் இவர்மேல் அவதூறு வழக்குப் போட்டவரும் அவரே. பங்காளி எழுதிய வாழ்க்கை வரலாறு.

கடைசியாக சான் லூயிஜி தேவாலயம். பீடத்துக்கு முதலில் வரைந்த படத்தில் புனித மத்தேயு கைநாட்டு ஆசாமி போல இருந்தார். வானதூதர் கையைப் பிடித்து அனா ஆவன்னா எழுதவைப்பது போல ஒரு காட்சி. வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். வேறொன்று வரைந்து கொடுத்தார். இடது சுவரில் ‘மத்தேயுவின் அழைப்பு’. இருட்டு அறை, வரி வசூல் மேஜை, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை நாம் பார்க்க வேண்டுமானால் பெட்டியில் காசு போட வேண்டும். போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும். அடுத்தவர் போடட்டும் என்று எல்லோரும் பக்திப் பரவசத்தில் கூரையைப் பார்த்து நிற்பார்கள். யாராவது ஒரு இளிச்சவாயர் போட்டதும் இருபது மொபைல் மேலே எழும். படத்தில் ஏசு கை நீட்டிக் கூப்பிடுகிறார். மேஜைக் கோடியில் ஒரு பையன் தலை தூக்காமல் காசு எண்ணுகிறான். டக்கென்று விளக்கு அணைகிறது.

புருதென்சியா அம்மாள் இன்று இருந்திருந்தால் அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஆறு மாச பாக்கிக்கு. மோட்டுவளை ரிப்பேர் தனி.