தண்ணிக்கு அங்காலை

ரொறன்ரோவுக்கென்று ஒரு தொலைக்காட்சி நிலையம் வருவதற்கு முன்பே ரொறன்ரோக்காரர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோ நகரில், 1948 மே மாதம் ஒரு நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்த நகரத்தின் சொந்த நிலையமான சி.பி.எல்.ரி. வந்தது 1952 செப்ரெம்பரில். நடுவிலிருந்த நான்கு வருடத்துக்கு மேலான காலமும், இங்கே கூரைகளில் ஏறிய அன்ரனாக்கள் பஃபலோவைப் பார்த்தபடியே நின்றன.

இதை அறிந்தபோது எனக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் வளர்ந்த வடமராட்சியின் கூரைகள்தான் கண்ணுக்குள் வந்தன. இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அதன் தலைமைக் கோபுரம் நின்றது தீவின் நடுவே, 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையில். எங்கள் கரைக்கும் அந்த மலைக்கும் இடையில் சுமார் 300 கிலோமீற்றர். வன்னியில் கொக்காவிலில் இருந்த அஞ்சல் கோபுரம் அந்த ஒளிபரப்பை எங்களிடம் சேர்த்தது. ஆனால் அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். அதனால் எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊர் அன்ரனாக்கள் பிதுருதலாகலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலுக்கு அங்காலை, தமிழ்நாட்டில் தூரதர்ஷன் கோபுரம் நின்ற கொடைக்கானல் மலை இருக்கும் திக்கைப் பார்த்தன. அந்த மலையும் ஏறக்குறைய அதே தூரந்தான். வேற்றுநாட்டு நிலையத்தில்தான் எங்கள் மொழி கேட்டது.

கமுக மரத்தை நட்டு, அதன் தலையில் இரும்புக் குழாயைக் கட்டி, குழாயின் நுனியில் அலுமினியக் கம்பிகள் வரிசையாகக் கோத்த யாகி அன்ரனாவை ஏற்றுவார்கள். அன்ரனாவோடு ஒரு பூஸ்டர். அங்கிருந்து பட்டை வயர் இறங்கி யன்னலால் வீட்டுக்குள் வரும். குழாயைத் திருப்புகிறவர் கூரைமேல். படத்தைப் பார்க்கிறவர் உள்ளே. இருவருக்கும் நடுவில், வாசல்படியில், சொல்லைக் கடத்த இன்னொருவர். எங்கள் வீட்டில் ஐயா கூரையில், அம்மா வாசலில், நான் ரீவிக்கு முன்னால்.

“தெரியுதோ?”

“இல்லை ஐயா, ஒரே புள்ளி.”

“இப்ப?”

“சத்தம் மட்டும் வருது... நில்லுங்கோ, நில்லுங்கோ! ஆக்கள் தெரியினம். அப்படியே விடுங்கோ!”

ஐயா இறங்கி வந்து கதிரையில் இருக்கும்போது சில வேளை படம் மறுபடி போய்விடும். அவர் சலித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ என்றால் அயல் முழுக்க எங்கள் விறாந்தையில் இருக்கும். முன்னுக்குப் பாயில் சின்னப்பிள்ளைகள், பின்னுக்கு வாங்கில் பெரியவர்கள். 1988 ஒக்ரோபரில் மகாபாரதம் தொடங்கியபோது ஹிந்தி ஒரு சொல்லும் விளங்காத கிழவிகள் கதையை முன்கூட்டியே சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். படம் புள்ளியில் கரைந்த இடங்களிலும் கதை நிற்கவில்லை.

காற்று எப்போது படத்தைக் கொண்டுவரும், எப்போது கொண்டுபோகும் என்பதை ஊர் தன்பாட்டில் கணித்து வைத்திருந்தது. பங்குனி, சித்திரையில் கடல் அலையடங்கிப் பளிங்காகக் கிடக்கும். அந்தப் புழுக்கமான இரவுகளில் படம் துடைத்துவிட்டதுபோல் வரும். வாடை பெயர்ந்து மழை பிடித்தால் அன்ரனாவைத் தொட்டுப் பயனில்லை. கடலுக்குப் போகிறவர்கள் சொல்லும் காலநிலையைக் கேட்டு, இன்றைக்குப் படம் தெளியுமா என்று ஐயா சொல்லிவிடுவார். அதற்கான விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கு அது கனடா வந்த பிறகுதான் கிடைத்தது.

1990இல் எல்லாம் நின்றது. கொக்காவில் முகாம் போரில் வீழ்ந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. கொக்காவிலில் இன்றைக்கு நிற்கும் 174 மீற்றர் கோபுரம் 2011இல் திறக்கப்பட்டது. இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரத்தில் தூரதர்ஷன் கோபுரம் எழுந்தது 1995இல். யாழ்ப்பாணத்துக்கு அது கூப்பிடு தூரம். அது எழுந்தபோது எங்கள் கூரையும் இல்லை, கூரையின் கீழ் இருந்தவர்களும் இல்லை.

இப்போது நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். கைத்தொலைபேசியைத் தொட்டால் தமிழில் எத்தனையோ அலைவரிசைகள். அலுமினியக் கம்பி ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் என் வீட்டுக் கூரையில் அன்ரனா இருக்கிறது. அதைத் திருப்ப மோட்டார் இருக்கிறது. கூரைக்கும் வாசலுக்கும் ஆள் வேண்டியதில்லை. கதிரையில் இருந்தபடி பொத்தானை அமத்தலாம். தெற்கே திருப்பினால், சுமார் 85 கிலோமீற்றருக்கு அப்பால் கிரான்ட் தீவிலிருந்து டபிள்யூ.என்.இ.டி. என்ற பொதுத் தொலைக்காட்சி வருகிறது. அதைப் பார்ப்பவர்களிலும் பண உதவி செய்பவர்களிலும் கனடாக்காரர் நிறைய. அதை நடத்தும் நிறுவனம் தன் பெயரையே ‘பஃபலோ ரொறன்ரோ’ என்று வைத்திருக்கிறது. அதற்கும் அப்பால், கோல்டன் மலைச்சரிவிலிருந்து, 1948இல் தொடங்கிய அந்த முதல் நிலையமும் வருகிறது. அதன் இன்றைய பெயர் டபிள்யூ.ஐ.வி.பி.

இவை அநேகமாக எந்நாளும் வருகிறவை. நான் காத்திருப்பது ரொச்செஸ்ரருக்கு. ஏரிக்குக் குறுக்கே, தென்கிழக்கில், சுமார் 150 கிலோமீற்றர். பூமியின் வளைவு நடுவில் மறிக்கிறது. சாதாரண நாளில் ஒரு துளியும் எட்டாது. வைகாசி, ஆனியில் ஏரித் தண்ணீர் இன்னும் குளிர்காலத்தின் குளிரை வைத்திருக்கும். அதன்மேல் தெற்கிலிருந்து சூடான காற்று வந்து படியும். மேலே போகப்போகக் குளிர வேண்டிய காற்று, அன்றைக்குத் தலைகீழாக, கீழே குளிர்ந்தும் மேலே சூடாகவும் நிற்கும். அந்த இரண்டு படைகளின் எல்லையில் வானொலி அலை கீழ்நோக்கி வளையும். நேரே ஆகாயத்துக்குப் போய்விட வேண்டியது ஏரியின் வளைவைத் தழுவிக்கொண்டு இக்கரைக்கு வந்து சேரும். சித்திரை இரவுகளில் ஐயாவுக்கு வாய்த்ததும் அலையைக் கடத்தும் இத்தகைய ஒரு காற்றுக் குழாய்தான். நிலத்தின் சூட்டைச் சுமந்த காற்று ஈரமான கடல்காற்றின்மேல் படிந்து, கொடைக்கானலை எங்கள் விறாந்தைவரை நீட்டிவிட்டது.

டிஜிற்றல் வந்தபிறகு ஒன்று அடியோடு மாறிவிட்டது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12இலும், கனடாவின் பெருநகர நிலையங்கள் 2011 ஓகஸ்ட் 31இலும் பழைய ஒளிபரப்பை நிறுத்தின. பழையதில், அலை மெலிந்தால் படமும் மெலியும். தூரம் எவ்வளவு என்பது புள்ளியாகத் திரையிலேயே தெரியும். இப்போது அலை இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் உயர்ந்து நின்றால் அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல முழுப்படம். அதற்குச் சற்றுக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு கறுப்புத் திரைதான். அரைகுறையாகத் தெரியும் முகங்களைக் கண்ணால் நிறைவாக்கிப் பார்த்த எங்கள் கிழவிகளுக்கு இதில் வேலையே இல்லை. அதேநேரம், நிலையம் தன் பெயரையும் இலக்கத்தையும் அலைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. அன்றைக்கு ரவிசங்கர் இசையமைத்த அந்த மெட்டு இரைச்சலுக்குள் கேட்டால்தான் வந்தது தூரதர்ஷன் என்று நிச்சயம். இன்றைக்கு ஒரு நொடி பிடித்தாலே பெயர் திரையில் விழுந்துவிடும்.

கதவைப் பூட்டிப் படுக்கப்போகும் நேரத்தில் அலையின் வலுவைக் காட்டும் மானியில் கோடு மெல்ல ஏறி, ரொச்செஸ்ரர் நிலையமான டபிள்யூ.எச்.இ.சி. வருகிற இரவில், அதில் என்ன ஓடுகிறது என்று நான் கவனிப்பதேயில்லை. கார் விற்பவரின் விளம்பரமாக இருக்கும், அந்த ஊர்ப் பாடசாலைச் செய்தியாக இருக்கும். ஊரில் எங்களுக்குப் படம்தான் தேவையாக இருந்தது, வானம் அதற்கு மறிப்பு. இங்கே வானத்தைத்தான் பார்க்கிறேன். அது என்ன செய்கிறது என்பதற்குப் படம் ஒரு சாட்சி. ஏரியின்மேல் காற்று எப்படிப் படிந்திருக்கிறது என்று இந்த நகரத்தில் யாருக்கும் தோன்றாத நேரத்தில், என் வீட்டுத் திரை அதைச் சொல்கிறது. இதை யாரும் எனக்கு விற்கவில்லை, யாரும் மாதக் கணக்கு அனுப்புவதில்லை. அதை நான் பெரிய செல்வமாக நினைக்கிறேன்.

அந்தச் செல்வம் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2017இல் அமெரிக்கா ஏலம் முடித்து, 38 முதல் 51 வரையான அலைவரிசைகளைக் கைத்தொலைபேசிக்குக் கொடுத்தது; கனடாவும் அதே வழியில் போனது. 37ஐ வானொலி வானியலுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள், அது நல்லது. மிச்சம் 36க்குள் எல்லா நிலையங்களும் நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று. அதனால் தூரத்து நிலையம் வரும் அதே அலைவரிசையில் சி.என். கோபுரத்திலிருந்து ஒன்று உரத்துப் பேசிக்கொண்டு நின்றால், எந்தக் குளிர்ந்த ஏரியும் உதவாது. அடுத்து, அமெரிக்காவில் ஏ.ரி.எஸ்.சி. 3.0 என்ற புதிய முறை பரவுகிறது. அது இன்னும் நல்ல படம் தரக்கூடியது. ஆனால் பல நிலையங்கள் அதற்குக் குறியாக்கப் பூட்டுப் போடுகின்றன. அனுமதி பெற்ற கருவி இல்லாவிட்டால் அலை வந்தும் படம் வராது. பொதுக் காற்றில் போகிற அலைக்குப் பூட்டுப் போடுவது சரியில்லை. கொடைக்கானல் அலைக்கு அப்படி ஒரு பூட்டு இருந்திருந்தால், எங்கள் ஊரில் அந்த வருடங்களில் தமிழ்த் தொலைக்காட்சி என்று சொல்ல அதிகம் ஒன்றும் இருந்திராது.

எங்கள் தெருவில் பருத்தித்துறைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரில் ரேடியோ திருத்தியவர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன கிழமை என் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒன்று ஏற்ற வேண்டும் என்றார்.

“எந்தப் பக்கம் அண்ணை வைப்பம்?” என்று கேட்டேன்.

“தண்ணிக்கு அங்காலை எது கிடக்கோ, அந்தப் பக்கம்.”

“பஃபலோ இப்பவே வரும். ரொச்செஸ்ரருக்கு வைகாசி மட்டும் பொறுக்க வேணும்.”

“பொறுக்கலாம் தம்பி. பட்டை வயரோ, வட்ட வயரோ இங்கை இழுக்கிறது?”

வட்ட வயர்தான் என்றேன். சனிக்கிழமை ஏணியைக் கொண்டுபோகிறேன்.