நாற்காலி வரின் நாளை விழா: ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் செய்தி அறியும் முறைகள்

முதலில் ஆய்வின் எல்லையைச் சொல்லிவிடுவது மரபு. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஓர் ‘ஆர்.சி. ஸ்கூல்’ உண்டு. பெயர்ப்பலகையில் புனிதர் ஒருவரின் பெயரும் ‘அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி’ என்ற வரியும் இருக்கும். ஆட்டோக்காரரிடம் அந்த முழுப் பெயரைச் சொன்னால் தலையைச் சொறிவார், ஆர்.சி. ஸ்கூல் என்றால் பேசாமல் வண்டியைக் கிளப்புவார். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் சிஸ்டர்கள் மடம். தாளாளர் அநேகமாகப் பங்குச் சாமியார், ஹெச்.எம். அநேகமாக ஒரு சிஸ்டர். பிள்ளைகள் எல்லா மதத்திலிருந்தும். இந்தப் பள்ளியில் நாளை என்ன நடக்கப்போகிறது என்பது யாருக்கு, எப்போது, எவ்வழியாகத் தெரியவருகிறது என்பதே நம் கேள்வி. அறிஞர் உலகம் இதை இதுவரை தொடாததற்குக் காரணம், அறிஞர்கள் எல்லோரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டவர்கள் என்பதுதான்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி தாளாளரிடம் பிறந்து, ஹெச்.எம். வழியாக இறங்கி, ஆசிரியர்களைக் கடந்து பிள்ளைகளை அடைகிறது என்று நிர்வாகம் நம்புகிறது. நடப்பது தலைகீழ். செய்தி ஒன்றாம் வகுப்பில் பிறக்கிறது. மாடிப்படி ஏறி ஐந்தாம் வகுப்புக்குப் போகிறது. அதன்பிறகே ஆசிரியர் அறைக்குள் நுழைகிறது. தாளாளர் கடைசி.

நம் தருக்க நூலார் அறிவு பெறும் வழிகளை அளவை என்றார்கள். காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் சைவ சித்தாந்தம் ஏற்கிறது. மணிமேகலைக்கு அறம் சொன்ன அறவண அடிகளோ காட்சியும் கருதலும் போதும் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஆர்.சி. பள்ளிப் பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில் பௌத்தர்கள். ஆசிரியர் உரையை அவர்கள் பிரமாணமாக ஏற்பதில்லை. ஏற்காததற்கு நியாயமும் உண்டு: ‘நாளைக்கு டெஸ்ட்’ என்று மிஸ் சொன்ன எத்தனையோ நாளைகள் வராமலே போயிருக்கின்றன.

எனவே கருதல். அதற்கு அடிப்படையான நூற்பாவை இவ்வாய்வாளரே யாத்திருக்கிறார்:

நாற்காலி வரினே நாளை விழாவே;
துண்டொடு வரினே தூரத்து விருந்தே.

உரை: கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காகத் தூக்கிவரப்பட்டுப் பள்ளி மைதானத்தில் இறக்கப்படுமாயின், மறுநாள் பாடம் இல்லை என்பது துணிபு. ‘வரினே’ என்ற ஏகாரம் தேற்றம். இனி, சாமியார் வீட்டு முன்னறையிலிருந்து கைப்பிடி வைத்த மர நாற்காலி புறப்பட்டு, அதன் முதுகில் வெள்ளைத் துண்டும் விரிக்கப்படுமாயின், வருகிறவர் உள்ளூர்க்காரர் அல்லர். அவர் ஆயரா, வட்டாரக் கல்வி அலுவலரா என்ற ஐயம் இங்கே எழும். நாற்காலியைக் கொண்டு மட்டும் அதைத் தீர்க்க முடியாது. வேறு குறிகள் வேண்டும். வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள், பாண்டு வாத்தியத்தைத் தூசு தட்டுகிறார்கள் என்றால் ஆயர். கழிப்பறைப் பக்கமிருந்து பினாயில் வாசனை வருகிறது, மூன்று மாதமாகத் திருத்தாத நோட்டுகளில் ஒரே மதியத்தில் சிவப்பு மை பாய்கிறது, போன வருடத்துச் சார்ட்டுகள் பீரோவிலிருந்து இறங்கிச் சுவரேறுகின்றன என்றால் அலுவலர். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதில் தவறுவதில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் சர்க்குலர் நோட்டு வெளியே வருகிறது. காக்கி அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. ஹெச்.எம். சிஸ்டர் தேதி போட்டு, ‘அனைத்து ஆசிரியர்களின் கவனத்திற்கு’ என்று தொடங்கி நாலு வரி எழுதுவார். ஐந்தாம் வகுப்பிலிருந்து நம்பிக்கைக்குரிய ஒரு பிள்ளை அழைக்கப்படும். அந்தப் பிள்ளை வகுப்பு வாசலில் நின்று ‘எக்ஸ்க்யூஸ் மீ மிஸ்’ என்னும்போது குரலில் ஒரு கனம் ஏறியிருப்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். மிஸ் வாசிப்பார், கையெழுத்திடுவார், பாடத்தைத் தொடர்வார். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே வராந்தாத் தூண் மறைவில் நோட்டு ஒருமுறை திறந்து மூடப்படும். இதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை.

அப்படியானால் ஐந்தாம் வகுப்பல்லவா முதலில் அறிகிறது என்று கேட்கலாம். இல்லை. அழுகிற பிள்ளைகள் கண் பார்வையில் இருக்கட்டும் என்று ஒன்றாம் வகுப்பை ஆபீஸ் ரூமுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். சிஸ்டருக்கு வாயால் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம். ‘நாளை... மறு... நாள்... அரை... நாள்...’ என்ற நான்கு சொற்கள் போதும். அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பும்.

வரலாற்றுப் பின்னணியை ஒதுக்கிவிட முடியாது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கோவாவுக்கு வந்து, தெருத் தெருவாகக் கைமணி அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைத் திரட்டினார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தவர், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆக மணியும் மனப்பாடமும் அன்றே வந்துவிட்டன. பாடத்திட்டம் பிறகு வந்தது. 1578இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலைத் தமிழில் அச்சிட்டார். தமிழுக்கு இவ்வளவு சீக்கிரம் அச்சு காட்டிய திருச்சபையின் பள்ளிக்கூடத்தில், சுற்றறிக்கை மட்டும் இன்றுவரை பந்துமுனைப் பேனாவால் கையெழுத்தில் எழுதப்பட்டு, ஒரு பிள்ளையின் கக்கத்தில் பயணம் செய்கிறது. தேவையில்லாத இடத்தில் அச்சு எதற்கு என்ற தெளிவாகத்தான் இருக்க வேண்டும்.

நாட்காட்டிக்கு வருவோம். இப்பள்ளிக்கு இரண்டு நாட்காட்டிகள்: ஒன்று அரசுடையது, ஒன்று வழிபாட்டுடையது. இரண்டும் மோதும் இடங்களை நம் இலக்கணத்தார் கண்டிருந்தால் இரட்டுற மொழிதல் என்றிருப்பார்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். அன்றே மாதாவின் விண்ணேற்பு விழா. அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி; அன்றே காவல் தூதர்கள் திருநாள். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1997இல் அதே நாளில் அன்னை தெரசா மறைந்தார், ஆகவே அவருடைய திருநாளும் அதுவே. இதன் பொருளாதார விளைவை எவரும் கணக்கிடவில்லை. கொடியேற்றத்துக்கு ஒரு மிட்டாய், மாதாவுக்கு ஒரு மிட்டாய் என்று இரண்டு வர வேண்டிய நாளில் ஒன்றுதான் வருகிறது. நாடும் திருச்சபையும் ஒரே ஆரஞ்சு மிட்டாயில் செலவை முடித்துக்கொள்கின்றன. இதைப் பற்றி நான்காம் வகுப்பில் நியாயமான மனக்குறை ஒன்று நிலவுகிறது.

தேர்வு விஷயத்தில் நாட்காட்டி கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கும் செப்டம்பரில், 18ஆம் தேதி, குப்பெர்த்தீனோ ஊர்ப் புனித யோசேப்பின் திருநாள். இத்தாலிக்காரர், பதினேழாம் நூற்றாண்டு. படிப்பு ஏறவே ஏறாதவர். அவருக்கு உருப்படியாகத் தெரிந்திருந்த ஒரே பகுதியைத் தேர்வாளர் கேட்கப்போய்த் தேறிவிட்டார் என்று கதை. தேர்வெழுதுவோரின் பாதுகாவலர் அவர்தான். ஆனால் இப்பள்ளிகளின் சுவர்களில் அவர் படம் தொங்கி நான் கண்டதில்லை. ஆசிரியர்களுக்கு அவரைப் பற்றி ஒரு தயக்கம் இருக்கலாம்.

அன்றாடச் செய்திகளில் முதலிடம் தொலைந்த பொருளுக்கு. இங்கே அந்தோனியார் வருகிறார். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று உலகமெங்கும் கத்தோலிக்கர் அவரை நம்புகிறார்கள். அவருடைய திருநாள் ஜூன் 13: பள்ளி திறந்து, புது ரப்பரும் புது ஷார்ப்னரும் கைமாறத் தொடங்கும் பருவம். கோடி அற்புதருக்கு அந்த மாதம் ஓய்வு கிடையாது.

ஒரு நேர்வை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். காலை ப்ரேயரில், தமிழ்த்தாய் வாழ்த்தும் உறுதிமொழியும் முடிந்தபின், ஹெச்.எம். சிஸ்டர் ஒரு சில்வர் டப்பா மூடியை உயர்த்திப் பிடிக்கிறார். ‘இது யாருது?’ மைதானம் அமைதி. மூடியைத் திருப்பிப் பார்க்கிறார். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் ஒன்று இருக்கிறது. உரக்க வாசிக்கிறார். அப்படி ஒரு பிள்ளை பள்ளியில் இல்லை. மூடிக்குச் சொந்தக்காரன் மூன்றாவது வரிசையில்தான் நிற்கிறான். வாசித்தது அவன் பாட்டி பெயர். தன் மூடி இன்னொருவர் பெயரில் இருப்பது அவனுக்கு அந்தக் கணம்தான் தெரிகிறது. ஒப்புக்கொண்டால் திருட்டு, ஒப்புக்கொள்ளாவிட்டால் வீட்டில் அடி. அவன் மேகத்தைப் பார்க்கிறான். மறுநாள் அம்மா ஆபீஸ் ரூமுக்கு வந்து, ‘எங்க மாமியார் சீர் கொண்டு வந்த டப்பா சிஸ்டர்’ என்று சாட்சி சொல்லி மூடியை மீட்கிறார். அந்தோனியார் பாதி வேலையைத்தான் எப்போதும் செய்கிறார். மீதியை அம்மாக்கள் செய்கிறார்கள்.

மோப்பத்தால் அறியும் செய்தியும் உண்டு. தருக்க நூலார் இதைக் காட்சிக்குள் அடக்குவர்; இவ்வாய்வாளர் தனியாகவே வைக்க விரும்புகிறார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. காமராசர் பிறந்தநாளான 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பள்ளியில். அன்னாள் மாதாவின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பாடம் கேட்கக் கூடாது என்ற ஏற்பாடு ஒரு பாட்டி பெயரால் ஆன பள்ளியில் தொடங்கியதை நான் தற்செயல் என்று ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. போகட்டும். பொங்கலா, கிச்சடியா என்பதைப் பிள்ளை கேட்டைத் தாண்டும்போதே சொல்லிவிடும். பலகையில் எழுதிப் போட்டிருப்பது அலுவலர்களுக்காக.

பெற்றோர் நிலைதான் பரிதாபம். அவர்கள் உரையளவை ஒன்றையே நம்பி வாழ்கிறவர்கள். அந்த உரை இரவு ஒன்பது மணிக்கு முன் வெளிப்படுவதில்லை. கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, பாயை விரித்த பிறகு, பிள்ளை மெதுவாகச் சொல்லும்: ‘அம்மா, நாளைக்கு நான் சம்மனசு.’

‘என்னது?’

‘கிறிஸ்துமஸ் டிராமால. ரெக்கை வேணும். ஜிகினா ஒட்டினது.’

‘இதை இப்பச் சொல்றியே, உருப்படுவியா நீ?’

‘மிஸ் போன வாரமே சொன்னாங்க.’

செய்தியைப் பிள்ளை மறைத்ததாக இதை வாசிக்கக் கூடாது. பிள்ளைக்கு அது போன வாரமே பழைய செய்தியாகிவிட்டது. பழைய செய்தியை யார் வீட்டுக்குச் சுமந்துபோவார்கள்? நள்ளிரவில் புடவைப் பெட்டியின் அட்டை இறக்கையாகிறது. அந்தப் பிள்ளையின் குடும்பம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இறக்கையின் அளவு மாறுவதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வாட்ஸ்அப் குழு இதைச் சீர்செய்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. குழுவில் ‘நாளை பெற்றோர் கூட்டம்’ என்று மிஸ் போடுவார். கீழே நாற்பது வணக்கக் கைகள் வரிசை கட்டும். ஐம்பதாவது வரியில் ஒருவர், ‘மிஸ் நாளைக்கு எதாவது இருக்கா?’ என்று கேட்பார். மேற்கொண்டு ஆயத் தேவையில்லை.

நம் கொள்கைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு மழை. ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்த இரவு, கருதலில் புலியான பிள்ளையும் டிவிக்கு முன்னால் அடியில் ஓடும் எழுத்துகளைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். பக்கத்து மாவட்டங்கள் ஒவ்வொன்றாக வரும். நம் மாவட்டம் வராது. அந்தச் செய்தி மட்டும் மேலிருந்து இறங்குகிறது, அதுவும் மாவட்ட ஆட்சியரிடமிருந்து. அவரோ நாற்காலி எதையும் முன்கூட்டி அனுப்புவதில்லை.

இனி, தாளாளர் கடைசியில் அறிகிறார் என்ற கூற்றுக்குச் சான்று. சாமியாருடைய நாமவிழா, அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள், அவருக்குத் தெரியாமல் ஏற்பாடாக வேண்டும் என்பது விதி. மூன்றாம் வகுப்பு இரண்டு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு நடனம் பழகுகிறது. பாட்டு மட்டும் ஓட்டைச் சன்னல் வழியே கோயில்வரை கேட்கிறது. முந்தின நாள் மாலை சாமியார் வளாகத்தில் நடந்துபோகிறார். ஒரு சிறுமி ஓடிவந்து வழிமறிக்கிறாள்.

‘ஃபாதர், நாளைக்கு உங்களுக்கு ஃபீஸ்ட். நாங்க டான்ஸ் ஆடுறோம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க.’

‘அப்படியா? நீ சொல்லாதம்மா.’

‘சொல்ல மாட்டேன் ஃபாதர். கேக்கும் இருக்கு.’