வாஸ்டியும் வேஷ்டியும்

சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டுக்குச் சீனாவிலிருந்து வந்திருக்கும் பெண் மும்முரமாக ஆங்கிலம் படிக்கிறாள். நான் அந்தக் காலத்து பி.ஏ. என்பது எப்படியோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. ஒருநாள் கதவைத் தட்டி, “அங்கிள், இதற்கு என்ன அர்த்தம்?” என்று கைப்பேசியை நீட்டினாள். அது அமெரிக்கக் குரலில் ‘வேஸ்டி’ என்றது. என் கை தானாக இடுப்புக்குப் போனது. கைலிதான்.

திரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பரந்து விரிந்ததைச் சொல்லும் ‘வாஸ்ட்’டின் வாலில் ஓர் ஒய்யை ஒட்டி, ‘வாஸ்டி’. பொருள் ஓர் அங்குலம்கூட அகலவில்லை. அசை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சீர் குறைந்தால் நம் புலவர்கள் அளபெடுப்பார்கள். ஷேக்ஸ்பியர் ஒய் போட்டார். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அரேபியப் பாலைக்கும், 1599-இல் எழுதிய ‘ஐந்தாம் ஹென்றி’யில் பிரான்சு தேசத்து வயல்களுக்கும் இதே அடைமொழிதான்.

“அப்படியானால் உங்கள் ஹாலும் வேஸ்டி” என்றாள், மரியாதைக்கு. நாற்காலியை நகர்த்தாமல் டிவி பக்கம் போக முடியாத ஹால் அது. கடல், பாலைவனம், வானம் இவற்றுக்குத்தான் இந்தச் சொல் என்றேன். லத்தீன் மூலத்தில் ‘வெறுமை, பாழ்’ என்றும் பொருள் உண்டு. எங்கள் வீட்டில் வெறுமைக்கு இடமேது?

அவள் பங்குக்கு அதே பொருளுள்ள சீனச் சொற்களை எடுத்துவிட்டாள். ‘ஹாவ்ஹான்’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கும் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள் உண்டாம். எழுதும்போதே தாள் நனைந்துவிடும் போலிருக்கிறது. ‘குவாங்மாவ்’ இன்னும் விசேஷம்: முதல் பாதி கிழக்கு மேற்காக உள்ள அகலம், அடுத்த பாதி தெற்கு வடக்காக உள்ள நீளம். யாரோ சர்வேயர் சங்கிலி பிடித்துச் செய்த சொல்.

நானும் விடுவேனா? ‘வியன்’ என்றேன். பதின்மூன்றாம் குறளில் வள்ளுவர் உலகத்துக்கு முன்னால் வைத்த சொல். வைத்த கையோடு, மழை பொய்த்தால் அந்த உலகத்துக்குள் பசியையும் நிறுத்திவிடுகிறார். வாஸ்டிக்குச் சரியான ஜோடி இதுதான்: இரண்டையும் ஏட்டில்தான் பார்க்கலாம். தேக்கா மார்க்கெட்டில் ‘வியன் பூசணி’ கேட்டால், வியட்நாம் பூசணி இன்றைக்கு வரவில்லை என்பார்கள்.

கடைசியாக, ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் வரும் கிளெண்டவர் கதையைச் சொன்னேன். வாஸ்டியான ஆழத்திலிருந்து ஆவிகளை அழைக்க வல்லவன் தான் என்று அந்த வேல்ஸ்காரன் பீற்றிக்கொள்கிறான். கூட இருக்கும் ஹாட்ஸ்பர் அசரவில்லை. கூப்பிட யாராலும் முடியும், கூப்பிட்டால் அவை வருமா என்று கேட்டுவிடுகிறான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது அடுக்களையிலிருந்து நான்காவது முறையாகக் குரல் வந்தது: “சோறு ஆறுதுங்க!”

தமிழ் தெரியாத அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அங்கிள், ஆவி வருமா?”