குதிரை மலிவு, லாடம் தனி

1958க்கு முன்னால் அமெரிக்காவில் கார் வாங்கப் போனவன் கதி பரிதாபம். காரின் மேல் விலை என்று ஒன்றை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. டீலர் வந்தவனின் கோட்டைப் பார்ப்பார், ஷூவைப் பார்ப்பார், கூட வந்திருக்கும் மாமனாரைப் பார்ப்பார். பிறகு ஒரு தொகை சொல்வார். அரைமணி கழித்து அதே காரை அடுத்த ஆளுக்கு வேறு தொகைக்குச் சொல்வார். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி இதைப் பொறுக்க மாட்டாமல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். கம்பெனி பரிந்துரைக்கும் விலை, ஆப்ஷன் ஒவ்வொன்றின் விலை, லாரி வாடகை எல்லாவற்றையும் அச்சடித்துப் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டும். வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை டீலர் அதைக் கிழிக்கக் கூடாது. அந்தத் தாளுக்கு மன்ரோனி ஸ்டிக்கர் என்றே பெயர் நின்றுவிட்டது.

செனட்டர் நல்லவர். ஆனால் விலையை ஒட்டச் சொன்னவர், அந்த விலைக்கு விற்கச் சொல்ல மறந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை. கார் டீலர்கள் சட்டத்தை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

சாதுவான காருக்குள் ராட்சச என்ஜினைத் திணித்த மஸில் கார்களின் சரித்திரம் என்று தடிதடியான புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என்ஜின் கர்ஜிக்கும், டயர் புகையும். அதெல்லாம் இருக்கட்டும். நாம் பில்லைப் பார்ப்போம்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு தன் மஸ்டாங் குதிரையை அவிழ்த்துவிட்டது. விலை 2,368 டாலர். பின்னால் நின்று சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தவர் ஃபோர்டு பிரிவின் தலைவர் லீ அயகோக்கா. உள்ளே இருந்தது ஃபால்கன் என்ற சாது குடும்பக் காரின் எலும்புக்கூடு. அந்த விலைக்கு ஆறு சிலிண்டர் என்ஜினும் 101 குதிரைத்திறனும் கிடைக்கும். நீண்ட மூக்கைப் பார்த்து மிரண்டவர்கள் பானெட்டைத் திறந்து பார்க்காமல் இருப்பது உத்தமம். வி-8 வேண்டுமா, தனிக் காசு. பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர், ரேடியோ, ஏசி எல்லாம் தனிக் காசு. ஸ்டீயரிங் தண்டின்மேல் ஏற்றிவைக்க ஒரு கடிகாரமும் என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரும் ஜோடியாக வந்தன. அதற்கு ராலி-பேக் என்று நாமகரணம். ஆக, காரில் உட்கார்ந்து மணி பார்க்கவும் கட்டணம். சிகாகோவில் ஒரு பள்ளி ஆசிரியை, அறிமுக விழாவுக்கு இரண்டு நாள் முன்பே கூரை மடக்கும் மஸ்டாங் ஒன்றை வாங்கிவிட்டார். அந்த ரகத்தின் பட்டியல் விலை 2,614 டாலர். அம்மையார் கொடுத்துவிட்டு வந்தது 3,447 டாலர். அயகோக்கா ஏன் சுருட்டும் சிரிப்புமாகவே திரிந்தார் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

எதிர் முகாமான ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு கட்டுப்பாடு. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது. போன்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன் என்றொரு ஆசாமி. விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தவர், அது காருக்குத்தான் பொருந்தும், ஆப்ஷனுக்குப் பொருந்தாது என்று கண்டுபிடித்தார். லெமான்ஸ் என்ற பரமசாதுவான கார். அதில் 295 டாலருக்கு ஓர் ஆப்ஷன். ஆப்ஷன் என்ன? 389 கன அங்குல என்ஜின்! பெயர் வேண்டுமே? இத்தாலியில் ஃபெராரிக்காரர்கள் ஜி.டி.ஓ. என்று ஒன்று வைத்திருந்தார்கள். கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். 5,000 கார் போனால் பெரிய விஷயம் என்று மேலிடம் கை விரித்தது. முதல் வருடமே 32,450 போயிற்று. அதற்கப்புறம் மேலிடம் விதியைப் பற்றிப் பேசவில்லை.

என்ஜினுக்கு அடுத்தபடியாக, கார் கம்பெனிகளின் தலைநகரான டெட்ராய்ட்டின் மூளை முழுவதும் செலவானது பெயின்ட் டப்பாவில்.

நம் ஜவுளிக்கடையில் மயில்கழுத்து, மாந்துளிர், வெங்காயத்தாமரை என்று சேலைக்குச் சேலை நிறம் சொல்கிற ஊழியரைக் கொண்டுபோய் 1969இல் கிரைஸ்லர் கம்பெனியில் உட்கார வைத்தால் மனுஷர் தலைசுற்றி விழுந்திருப்பார். டாட்ஜ் காரில் ஊதா நிறத்துக்குப் பெயர் பிளம் கிரேஸி. ஆரஞ்சு கோ மேங்கோ. பச்சை சப்லைம். மஞ்சள் டாப் பனானா. இதே கிரைஸ்லரின் இன்னொரு பிள்ளையான பிளிமத்துக்கு அதே டப்பாவிலிருந்து அதே பெயின்டை எடுத்து அடித்து, பெயரை மட்டும் மாற்றினார்கள். டாட்ஜில் பேந்தர் பிங்க் என்று விற்றது பிளிமத்தில் மூலான் ரூஜ். ஊதா அங்கே போய் இன்-வயலெட் ஆயிற்று. அண்ணன் தம்பி இருவரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நான் வேறு, அவன் வேறு என்று சாதித்தார்கள். இந்தச் சட்டைக்கும் தனிக் காசு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஃபோர்டு சும்மா இருக்குமா? கிராபர் ப்ளூ, கிராபர் ஆரஞ்ச் என்று ஆரம்பித்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் மானம் தப்பியிருக்கும். 1969இல் வந்த மேவரிக் என்ற மலிவு விலைக் காருக்கு ஃபிராய்டியன் கில்ட், ஆன்டி எஸ்டாப்ளிஷ் மின்ட் என்றெல்லாம் நிறம் வைத்தார்கள். வியட்நாம் போருக்கு எதிராகப் பையன்கள் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்த காலம். அதே பையன்களுக்கு அதிகார எதிர்ப்பை ஒரு பச்சை நிறமாக்கி 1,995 டாலருக்கு விற்கலாம் என்று ஃபோர்டு கம்பெனியின் அலுவலகத்தில் டை கட்டிய யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்குச் சம்பள உயர்வு கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதுவரை ஆப்ஷன் பட்டியலில் மொட்டையடிக்கப்பட்டது வாங்கியவர்கள்தான். சரித்திரம் சில சமயம் சவரக் கத்தியைத் திருப்பிப் பிடிக்கும்.

இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற குக்கிராமம். அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கார்களுக்கு ஃப்ரெட் கிப் என்று ஒரு டீலர், கால் மைல் பந்தயப் பைத்தியம். மஸ்டாங்குக்குப் போட்டியான கேமரோவின் 1969 மாடலில் முழுக்க அலுமினியத்தால் ஆன 427 கன அங்குல என்ஜினை வைத்துத் தரச் சொன்னார். கம்பெனியில் 'சரி, ஆனால் பந்தய விதிப்படி 50 கார் வேண்டும்' என்றார்கள். மனிதர் பந்தய வெறியில் 50 காருக்கும் ஆர்டர் போட்டுவிட்டார். கார் வந்தது. மன்ரோனி ஸ்டிக்கரும் வந்தது. என்ஜின் ஆப்ஷன் மட்டும் 4,160 டாலர்! மொத்த விலை 7,200 டாலரை ஒட்டி. அந்தக் காசுக்கு ஒரு கேமரோவும் அதை நிறுத்த இன்னொரு கேமரோவும் வாங்கலாம். எப்படியோ 13 காரைத் தள்ளிவிட்டு, மிச்சம் 37ஐத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்து மற்ற டீலர்கள் தலையில் கட்டியது. மொத்தம் 69 கார்கள்தான் அந்த ரகத்தில் உண்டு. சில கார்கள் விலை போகாமல் வருடக்கணக்கில் நின்றன.

பிளிமத் சூப்பர்பேர்டின் கதை இன்னும் கேவலம். நாஸ்கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கை விற்க வேண்டும் என்று விதி. அதனால் கூர்மூக்கும், பின்னால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழும்பி நிற்கும் இறக்கையும் வைத்த கார் சுமார் 1,900 செய்து 1970இல் டீலர்களுக்கு அனுப்பினார்கள். பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி அதை ஓட்டி ஜெயித்தார். டீலர் வாசலில் அதைப் பார்த்த குடும்பஸ்தர்கள் குழந்தைகளின் கண்ணைப் பொத்திக் கூட்டிப் போனார்கள். சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி எறிந்து, அதன் மூலமான சாதா ரோட் ரன்னர் காராக்கி விற்றுத் தப்பித்தார்கள். பிளிமத்தின் 'குடா காருக்கும் இதே கதி: ஹெமி என்ற ராட்சச என்ஜின் ஆப்ஷனைக் கேட்க 1971இல் ஆள் அருகிப்போய், கூரை மடக்கும் ஹெமி 'குடா ஒரு டஜன் அளவில்தான் விற்றது. 2014இல் அதில் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. டீலர்கள் கழற்றிப்போட்ட மூக்கை நினைத்து இன்றும் பல பேரன்கள் சுவரில் முட்டிக்கொள்ளக் கூடும்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். இன்ஷூரன்ஸ்காரன் பிரீமியத்தை ஏற்றினான். அரசாங்கம் புகையைக் குறைக்கச் சொன்னது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. 1974 மஸ்டாங்கில் காசு கொடுத்தாலும் வி-8 கிடையாது, பின்டோ என்ற பொடிக் காரின் எலும்பில் செய்தது. ரசிகர்கள் காறித் துப்பினார்கள். அந்த வருடம் அது 3,85,000க்கு மேல் விற்றது. ரசிகர் வேறு, வாங்குகிறவர் வேறு.

முப்பது வருடம் கழித்து, அன்று பைசா இல்லாமல் ஷோரூம் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்த பையன்களுக்குத் தொப்பையும் பென்ஷனும் சேர்ந்தன. டெட்ராய்ட்டுக்கு மூக்கில் வியர்த்தது. 2005இல் மஸ்டாங் பழைய முகத்தோடு வந்தது. 2008இல் டாட்ஜின் சேலஞ்சர் வந்தது, பெட்ரோல் காலன் 4 டாலரைத் தாண்டிய அதே கோடைக்காலத்தில்! 425 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர் மட்டும், கிடைத்த நிறம் கறுப்பு, வெள்ளி, ஆரஞ்சு என மூன்றே மூன்று. பாட்டன் காலத்து வானவில் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதிகம் எண்ணெய் குடிக்கும் காருக்கான அபராத வரி 2,100 டாலரையும் சேர்த்து 40,000 டாலர். அதன்மேல் டீலர் தன் இரண்டாவது ஸ்டிக்கரை ஒட்டினார்: 'சந்தை நிலவரச் சரிக்கட்டல்', பல ஆயிரம் டாலர். எதைச் சரிக்கட்ட என்று கேட்டால், 'மேனேஜரைக் கேட்டு வருகிறேன்' என்று உள்ளே போவார். உள்ளே மேனேஜரோடு காபி குடிப்பார். கண்ணாடி வழியே நமக்காகச் சண்டை போடுவதுபோல் கையை ஆட்டுவார்.

2009 வசந்தத்தில் கேமரோவும் களமிறங்க, முக்கோணப் போர் பூரணமானது. அந்த ஏப்ரலில் கிரைஸ்லர் திவால், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால். வயிற்றுக்குச் சோறில்லாத இரண்டு பேர் 400 குதிரைத்திறன் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கூத்து: அமெரிக்க வீரத்தின் சின்னங்களான கேமரோவும் சேலஞ்சரும் பிறந்தது கனடாவில். மஸ்டாங் அமெரிக்காவில்தான் பிறந்தது, ஆனால் தொழிற்சாலையில் பாதிப் பங்கு ஜப்பானின் மாஸ்டாவுக்கு.

2010இல் கேமரோ எஸ்எஸ் 30,995 டாலருக்கு 426 குதிரைத்திறன். மஸ்டாங் ஜிடி 27,995க்கு 315. அதே வருடம் கேமரோவின் சாதா வி-6 என்ஜினே 304 காட்டியது. ஃபோர்டுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அடுத்த வருடம் தன் வி-6க்கு 305 என்று அறிவித்தது. ஒன்றே ஒன்று கூட! செவர்லே அசரவில்லை. அதே என்ஜினை மறுபடி அளந்து பார்த்து, உண்மையில் 312 என்று அறிக்கை விட்டது. ஒரு போல்ட்டைக்கூடத் திருகாமல் எட்டுக் குதிரைகளைக் கொட்டிலில் சேர்த்த சாதனை இது. நிறத்திலும் போட்டி குறையவில்லை. மஞ்சள் கேமரோவுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தின் சின்னத்தை ஒட்டித் தர 995 டாலர். மஸ்டாங்கில் மீட்டர் விளக்கின் நிறத்தை 125 விதமாக மாற்றிக்கொள்ளும் ஆப்ஷன். இரவு ஓட்டும்போது சாலையைப் பார்ப்பதா, பச்சையா நீலமா என்று முடிவு செய்வதா?

என் தீர்ப்பைக் கேட்டால், கொடுத்த காசுக்குக் குதிரை அதிகம் கேமரோ எஸ்எஸ்ஸில்தான். ஆனால் அதன் ஜன்னல் பதுங்குகுழியில் விட்ட சந்து அளவே இருக்கும், வெளியே யார் வருகிறார்கள் என்பது ஊகம்தான். மனிதர்கள் நாலு பேர் உட்கார வேண்டுமானால் சேலஞ்சர். 2010இல் பிளம் கிரேஸி ஊதாவும் அதில் திரும்பி வந்துவிட்டது என்பதால் என் ஓட்டு அதற்கே. (இந்தியாவில் ஓட்டுப் போட்டுப் பயனில்லை. மஸ்டாங் மட்டும் 2016இல் கப்பலில் வந்தது, ஷோரூம் விலையே 65 லட்ச ரூபாய். மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு அங்கே செய்தது வேறு கார்கள்.)

ஆப்ஷன் கலையின் உச்சத்தை டாட்ஜ் தொட்டது 2018இல். சேலஞ்சர் டீமன், 840 குதிரைத்திறன் வரை, விலை 84,995 டாலர், பக்கத்து சீட் கிடையாது, பின் சீட் கிடையாது. வேண்டுமானால் ஒவ்வொன்றும் 1 டாலர்! மனைவியை அழைத்துப் போக ஒரு டாலர், மாமியார் வீட்டாருக்கு இன்னொரு டாலர். டீலர்கள் கொள்ளையடிப்பார்கள் என்று தெரிந்தே, ஸ்டிக்கர் விலைக்குள் விற்கும் ஆர்டருக்கு முதலில் கார் செய்து தருவோம் என்று கம்பெனி ஆசை காட்டியது. கூடுதல் விலைக்கு விற்பதற்காகக் காத்திருக்கச் சம்மதித்த டீலர்களும் இருந்தார்கள். கண்ணாடியில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்ட இடம் இருக்கிறதே!

2023 டிசம்பரோடு சேலஞ்சரும் கேமரோவும் விடைபெற்றன. மிஞ்சியது மஸ்டாங். அதில் ஜி.டி.டி. என்றொரு ரகம், விலை 3 லட்சம் டாலருக்கும் மேல். டீலரிடம் போய்ப் பேரம் பேச முடியாது. ஃபோர்டுக்கு விண்ணப்பம் எழுதி, தனக்கு இந்தக் காரை வாங்கத் தகுதி உண்டு என்று விளக்க வேண்டியிருந்தது. ஏழாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள்.